அமெரிக்கக் கால்பந்தில் நீக்கப்பட்ட ஆட்டக்காரரின் பெயர் அணியின் சம்பளக் கணக்கில் ஏன் நீடிக்கிறது?

பணம் கைமாறும் நாளும் அது கணக்கில் ஏறும் ஆண்டும் வேறுவேறு என்பதே காரணம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அணிகளுக்கு ஆண்டுச் சம்பள உச்சவரம்பு உண்டு. 2024-இல் அது 25.54 கோடி டாலர். ஒப்பந்த போனஸை முன்பே கொடுத்துவிட்டு, கணக்கில் மட்டும் ஐந்து ஆண்டுகள் வரை பிரித்து எழுதலாம். இடையில் ஆளை நீக்கினால் எழுதாத மிச்சம் மொத்தமாகக் கணக்கில் வந்து விழும்.

டென்வர் பிராங்கோஸ் அணி 2024 மார்ச்சில் தன் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ரஸ்ஸல் வில்சனை நீக்கியதைப் பாருங்கள். அவருடைய 5 கோடி, 2 கோடி டாலர் போனஸ்களில் 4.6 கோடி இன்னும் கணக்கில் ஏறவில்லை. அந்த ஆண்டுக்கு உறுதியளித்திருந்த 3.9 கோடியையும் சேர்த்தால் 8.5 கோடி! மிச்சத்தில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ள உதவும் 'ஜூன் 1-க்குப் பிந்தைய நீக்கம்' என்று குறித்ததால் 2024-இல் 5.3 கோடி, 2025-இல் 3.2 கோடி எனப் பிரிந்தது.

இவ்வளவு நஷ்டத்தோடு நீக்குவானேன்? இன்னும் சில நாள் வைத்திருந்தால் 2025-க்கான 3.7 கோடியும் உறுதியாகியிருக்கும். அந்த வகையில் சரியான முடிவுதான். 2022-இல் அந்த ஒப்பந்தத்தை அவ்வளவு அவசரமாகப் போட்டதுதான் தவறு என்பேன். வில்சனை பிட்ஸ்பர்க் அணி குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. மீதியை டென்வர்தான் கொடுத்தது. அவர் இடத்துக்கு, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 12-ஆவது தேர்வாக வந்த போ நிக்ஸுக்குப் புதுமுகச் சம்பளம்தான். அவரை வைத்தே அந்த ஆண்டு பிளேஆஃப் (இறுதிக்கட்ட நாக்அவுட் சுற்று) போனார்கள்.