பூஞ்சாணக்கொல்லி ஊற்றினால் வேம் என்ன ஆகும்? கேள்வி பதில்

கேள்வி: நாற்றங்காலில் வேம் (VAM) என்ற, வேருக்குள் வாழ்ந்து செடிக்கு உதவும் வேர் உட்பூசணம் இட்டு நாலு நாள் ஆகிறது. நாற்று அழுகுகிறது. கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியை ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். பூசண இழை வளர்ந்து வேருக்குள் நுழைய அதன் செல்லுக்குள் நுண்குழல்கள் உருவாக வேண்டும். கார்பன்டாசிம் தடுப்பதே அதைத்தான். அதே குடும்பத்து பெனோமிலை, வேம் இல்லாமல் பயிர் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதற்காகவே ஆய்வாளர்கள் மண்ணில் இட்டிருக்கிறார்கள். முதலில் தண்ணீரைக் குறைத்து வடிகாலைச் சரிசெய்யுங்கள். மருந்து வேண்டுமென்றால், அழுகலுக்குக் காரணம் பித்தியம் என்ற நோய்க்கிருமியாக இருந்தால் மெட்டலாக்சில் என்ற மருந்து போதும்.

கேள்வி: அதுவும் பூஞ்சாணக்கொல்லிதானே? நோயைக் கொல்வது வேமை மட்டும் விட்டுவைக்குமா?

நல்ல கேள்வி. பித்தியமும் அதன் இனத்து இன்னொரு நோய்க்கிருமியான பைட்டோப்தோராவும் இழையாகப் படர்வதால் பூஞ்சாணம் என்று பழகிவிட்டோம். உண்மையில் அவை பழுப்புப் பாசிகளுக்குத்தான் உறவு. அவற்றின் செல்சுவரில் செல்லுலோஸ் இருக்கும், வேமின் சுவரில் கைட்டின். மெட்டலாக்சில் பித்தியக் கூட்டத்தின் ஆர்என்ஏ உற்பத்தியைக் குறிவைக்கிறது. அது இட்ட செடிகளில் வேம் கூடுதலாகப் பிடித்த சோதனைகளும் உண்டு.

கேள்வி (அதே நண்பர்): கடையில் கிடைப்பது மெட்டலாக்சிலோடு மேன்கோசெப் என்ற இன்னொரு பூஞ்சாணக்கொல்லி சேர்ந்த கலவை. அப்போது உங்கள் வாதம் நிற்காதே?

சரி, இது நியாயம். மேன்கோசெப் ஒரே இடத்தில் தாக்குவதில்லை, செல்லுக்குள் பல இடங்களில் தாக்கும். வேமுக்கு எவ்வளவு கேடு என்பது அளவையும் மண்ணையும் பொறுத்து மாறும். மெட்டலாக்சிலுக்குச் சொன்னதைக் கலவைக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுக்காதீர்கள். அதனால்தான் சொல்கிறேன்: பாக்கெட்டில் பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை விடுங்கள், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

கேள்வி: முட்டைக்கோசுக்கு எவ்வளவு வேம்?

வேண்டாம். கடுகுக் குடும்பத்தில் வேம் பிடிக்காது.

கேள்வி: விதையைக் கார்பன்டாசிமில் நேர்த்தி செய்து, அப்புறம் வேம் இடலாமா?

முதல் வேர் அந்த மருந்தைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கார்பன்டாசிமோடு, நோய்ப் பூஞ்சாணங்களை அடக்கும் நன்மைப் பூஞ்சாணமான ட்ரைக்கோடெர்மா கலக்கலாமா?

மறுபடியும் கார்பன்டாசிம்! கலக்காதீர்கள், ட்ரைக்கோடெர்மாவும் அதற்குத் தாங்காது. கேட்கப்போகும் மற்றவர்களும் முதல் பதிலைப் படித்துவிடுங்கள். மருந்தின் பெயரைப் படியுங்கள்.

கேள்வி: வேம் பிடித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெறும் கண்ணுக்குத் தெரியாது. நுனி வேர்களைக் கழுவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி வெளுக்க விடுங்கள். கையுறை கட்டாயம். பிறகு வினிகரில் கலந்த நீலப் பேனா மையில் சாயமேற்றி நுண்ணோக்கியில் வையுங்கள். வேர்ச் செல்லுக்குள் கிளை விரித்த குட்டி நீல மரம் தெரியும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) செடிக்குக் கைமாறும் இடம் அதுதான். ஒவ்வொரு மரத்துக்கும் ஆயுள் சில நாட்களே, அதனால் வேருக்குள் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு துண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல செடிகளிலிருந்து வேர் எடுங்கள்.