எல்விஸுக்கு முன்னால் யார்?

கேள்வி: ராக் அண்ட் ரோல் இசையைத் தொடங்கி வைத்தவரே எல்விஸ் பிரெஸ்லிதான் என்று என் அண்ணன் அடித்துச் சொல்கிறார். உண்மையா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: இல்லைங்க. எல்விஸ் பெரிய பாடகர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 1954 ஜூலையில், 19 வயதில், மெம்ஃபிஸ் நகரத்தில் சாம் பிலிப்ஸின் ஸ்டுடியோவில் அவர் பாடி வெளியான முதல் இசைத்தட்டில் இருக்கிற 'தட்ஸ் ஆல் ரைட்', ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பின ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே பிறந்த இசை வகை) பாடகர் 1946லேயே தானே எழுதிப் பாடிப் பதிவு செய்த பாட்டு. 'ஹவுண்ட் டாக்' கதையும் அப்படித்தான். எழுதியவர்கள் இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள் என்றாலும், முதலில் பாடியவர் பிக் மாமா தார்ன்டன். 1953ல் அது கறுப்பினத்தவரின் இசைக்கென இருந்த ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் முதலிடத்துக்குப் போனது, எல்விஸ் பாடியது 1956ல்.

இவர்களுக்கும் முன்னால் ஒரு அம்மா இருக்கிறார், சிஸ்டர் ரோசெட்டா தார்ப். ஆர்கன்சாவில் பிறந்து, சர்ச்சில் பாடி வளர்ந்தவர். எலெக்ட்ரிக் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்திப் பாட்டுக்கு அவர் கொடுத்த தாளமும் வேகமும் பின்னால் ராக் அண்ட் ரோல் என்று பெயர் வாங்கியதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தன, அதுவும் 1944லேயே! 1973ல் காலமானார். பல வருடம் அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2018ல்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

எல்விஸ்மேல் பழி போடவும் கூடாது. க்ரூடப் பாடியதைக் கேட்டு வளர்ந்ததை அவரே வெளிப்படையாகச் சொன்னவர். தப்பு அன்றைய அமெரிக்க ஏற்பாட்டில் இருந்தது. கறுப்பினத்தவரின் இசைக்குத் தனிப் பட்டியல், 1949 வரை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' ('இனத் தட்டுகள்') என்றே அதற்குப் பெயர். எல்விஸின் முதல் பாட்டைப் போட்ட மெம்ஃபிஸ் வானொலிக்காரர் எந்தப் பள்ளியில் படித்தாய் என்று அவரிடம் கேட்டாராம், அன்று வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் பள்ளிகள் தனித்தனி என்பதால் பள்ளிப் பெயரைச் சொன்னாலே பாடியவர் வெள்ளைக்காரர் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். க்ரூடப்புக்குப் பாட்டுக்கான ராயல்டி (உரிமைத்தொகை) ஒழுங்காகக் கிடைக்கவே இல்லை.

கேள்வி: பழைய ஆங்கிலப் பாட்டெல்லாம் ஏன் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது? (மதுரை வாசகர்)

பதில்: தட்டில் இடம் அவ்வளவுதான். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் 10 அங்குல அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். 1948ல் கொலம்பியா கம்பெனியின் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் தட்டு) வந்து, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அடுத்த வருடம் ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்த 45 சுற்றுச் சின்னத் தட்டில் ஒற்றைப் பாட்டுகள் வந்ததால் பழைய அளவு அப்படியே ஒட்டிக்கொண்டது. 1965ல் பாடகர் பாப் டிலன் ஆறு நிமிடத்துக்கு ஒரு பாட்டை விட்டபோது அது பெரிய துணிச்சல்.

கேள்வி: இதையெல்லாம் எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? (கோவை வாசகர்)

பதில்: முதலில் க்ரூடப்பின் 'தட்ஸ் ஆல் ரைட்', உடனே எல்விஸ் பாடியது. எல்விஸ் பதிவில் டிரம்ஸே கிடையாது, கவனியுங்கள். அப்புறம் 1964ல் மான்செஸ்டரில், ரயில் ஓடாமல் மூடிக் கிடந்த ஒரு நிலையத்தில், மழைக்கு நடுவே கோட்டும் கிடாருமாக ரோசெட்டா பாடுகிற வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. அண்ணனையும் உட்கார வைத்துப் பாருங்கள், தஞ்சாவூர் வாசகியே.