பாட்டியையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு பொம்பேய் போகலாமா?

கேள்வி: ஜூலையில் இத்தாலி போகிறோம். 7 வயது மகளும், முழங்கால் வலியுள்ள மாமியாரும் உடன் வருகிறார்கள். பொம்பேயை ஒரே நாளில் முழுதாகப் பார்த்துவிட முடியுமா?

மாமியார் இருக்கட்டும், உங்களாலேயே முடியாது. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த அந்த ஊரின் பரப்பு சுமார் 66 ஹெக்டேர். மூன்றில் ஒரு பங்கை இன்னும் தோண்டவில்லை. தோண்டிய பகுதி மட்டுமே காலை ஒடித்துவிடும். தெருவெல்லாம் மேடுபள்ளமான எரிமலைக் கற்கள், நடுவே வண்டிச் சக்கரம் அறுத்த தடங்கள். நிழலும் குறைவு.

மாமியாரை மனதில் வைத்துச் சொன்னால், முதலில் ஹெர்குலேனியம் போங்கள். நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ போகும் அதே ரயில்தான்; எர்கொலானோ ஸ்காவி நிறுத்தத்தில் இறங்க வேண்டும். அதே எரிமலை புதைத்த ஊர், ஆனால் சின்னது. இரண்டு, மூன்று மணி நேரம் தாராளம். இங்கே கொதிக்கும் சாம்பல் ஆழமாக மூடியதில் மரமெல்லாம் கரியாகி அப்படியே நின்றுவிட்டது. மாடி வீடுகளையும் மரத்தடுப்பையும் பார்த்தால் ஊர் என்ற உணர்வு பொம்பேயைவிடக் கூடுதலாக வரும். ஸ்டேஷனிலிருந்து போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். திரும்ப அவருக்கு டாக்ஸி வைத்துவிடுங்கள்.

பொம்பேயும் பார்த்தே ஆக வேண்டுமா? சரி, இன்னொரு நாள் காலையில், அரை நாள். ஸ்டேஷன் பக்கத்து போர்த்தா மரீனா வாசல் செங்குத்தான ஏற்றம். அதை விட்டுவிட்டு பியாட்சா அன்ஃபிதெயாத்ரோ வாசலில் நுழையுங்கள். சக்கர நாற்காலியும் போகும்படி சீராக்கிய பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் பெயரும் இருக்கும். முன்பதிவோடு பாஸ்போர்ட்டும் அவசியம். 18 வயதுக்குக் கீழ் இலவசம்.

மகளிடம் வரலாறு பேசாதீர்கள், தேடச் சொல்லுங்கள்: தெருவைக் கடக்கப் போட்ட மேடைக்கற்கள், சாப்பாட்டுக் கடை மேடைகளில் பானை பதித்த குழிகள், ஒரு வீட்டு வாசலில் 'நாய் ஜாக்கிரதை' என்ற எழுத்தோடு சங்கிலி கட்டிய நாய். இறந்தவர்களின் உடல் சாம்பலில் விட்ட வெற்றிடத்தில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த உருவங்களைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம், 1938-இல் பொம்பேயில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை, 'லட்சுமி' என்று பலர் சொல்வது, நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செவ்வாய் விடுமுறை. ஆனால் அதை வைத்திருப்பது ரோமானியரின் காமக் கலைப் பொருள்கள் நிறைந்த 'ரகசிய அறை'யில். மகளை ஒருவர் வெளியே வைத்துக்கொள்ள, முறை போட்டுப் பார்த்து வாருங்கள்.