தையல்காரிக்கு நகராண்மைக் கழகத்தில் என்ன வேலை?

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்,

ரவிக்கை வெட்டும் முறை பற்றியும் பழைய மிதி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது பற்றியும் நீங்கள் எழுதியவற்றை விரும்பிப் படித்திருக்கிறேன். அண்மைக் காலமாகக் குப்பை, சாலைக்குழி, பேருந்து, தமிழ்ப்பள்ளி என்றே எழுதுகிறீர்கள். தவறென்று சொல்லவில்லை. ஆனால் சுயதொழில் செய்பவர் எல்லாத் தரப்பு வாடிக்கையாளர்களையும் நம்பியிருப்பவர். கட்சிக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டால் நட்டம் உங்களுக்குத்தான். இந்தக் குறைகளைச் சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் சொன்னால் இரண்டு நாளில் தீர்ந்துவிடாதா? எதற்காகப் பொதுவில் எழுத வேண்டும்?

ஒரு வாசகர், கெமாஸ், மலேசியா

அன்புள்ள தம்பிக்கு,

தையலை மட்டும் எழுதச் சொல்கிறீர்கள். சரி, பள்ளி திறப்பதற்கு முன் எனக்கு வரும் சீருடை வேலையையே எடுத்துக்கொள்வோம். சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு ஆள் தேவை குறைந்து, மிச்சமிருந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துசேர்ந்த பிறகு, நம் குடும்பங்கள் லயங்கள் என்னும் தோட்டத்து வரிசைவீடுகளை விட்டு நகரத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, வந்துவிட்டன. பள்ளியோ தோட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீலப் பினாஃபோர் தைக்கக் கேட்டு வருவோர் குறைந்துகொண்டே போவதை, கல்வி இலாகாவின் பட்டியல் எதையும் பார்க்காமலே என் அளவுப் புத்தகத்திலிருந்து சொல்லிவிடுவேன். பேரங்காடியில் ஆயத்தச் சீருடை மலிவாகக் கிடைப்பதும் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதை வாங்குகிறவர்களும் இடுப்பைப் பிடிக்கவும் ஓரத்தை இறக்கவும் என்னிடம்தான் வருவார்கள். அந்தச் சில்லறை வேலைகூட இப்போது அந்தப் பள்ளியிலிருந்து வருவதில்லை. தாமானிலிருந்து தோட்டத்துக்குப் பிள்ளையை ஏற்றிச்செல்லப் பேருந்து இல்லை, வேன் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று அளவு கொடுக்க வரும் தாய்மார்கள் சொல்கிறார்கள். நான் தையலை எழுத உட்கார்ந்தாலும் பேருந்தை விட்டுவிட முடியாது.

உங்கள் இரண்டாவது யோசனையைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டும். லயத்துக் கூரை ஒழுகினாலும் குழாயில் தண்ணீர் நின்றாலும் நம் பெற்றோர் தோட்ட எழுத்தரான கிராணியிடம் போய் நின்றார்கள். கிராணி மனம்வைத்தால் செய்தி தோட்ட நிர்வாகியான துரைக்குப் போயிற்று. தோட்டத் தொழிலாளருக்கு வீடும் தண்ணீரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும் முதலாளி செய்துதர வேண்டிய கடமை என்று சட்டத்தில் இருந்தபோதும் (1990இல் வந்த தனிச் சட்டமும் அதைச் சொன்னது), கேட்ட முறை என்னவோ மன்றாடலாகத்தான் இருந்தது. நகரத்துக்கு வந்த பிறகு துரை இல்லை. ஆனால் அந்த நாற்காலியைக் காலியாக விட நமக்கு மனம் வராமல், அதில் ஒய்.பி.யை, அதாவது சட்டமன்ற உறுப்பினரை, உட்காரவைத்துவிட்டோம். இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்று நீங்கள் எழுதியதில் எனக்கு அந்தப் பழைய நம்பிக்கைதான் தெரிகிறது. சில வேளைகளில் தீரவும் தீரும். ஆனால் அப்படித் தீர்வது அவரைத் தெரிந்தவர் வீட்டு வாசலில் இருக்கும் குறை. அவரைத் தெரியாத அடுத்த வரிசைக்காரரின் குறை அங்கேயே கிடக்கும்.

யாரிடம் கேட்பது என்பதுகூட நம்மில் பலருக்குத் தெளிவாக இல்லை. நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது; அன்றிலிருந்து வீட்டுக் குப்பையை அள்ளுவது நகராண்மைக் கழகத்தின் நேரடி வேலை அல்ல, குத்தகை நிறுவனத்தின் வேலை; அதைக் கண்காணிப்பது மத்திய அரசின் திடக்கழிவுக் கழகம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பையும், ஒரு நாள் மறுபயனீட்டுப் பொருள்களும் பழைய நாற்காலி, மெத்தை போன்ற பெரிய சாமான்களும் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர் நடுவே போகும் சாலை மத்திய அரசின் கூட்டரசுச் சாலையானால் அதன் குழிக்குப் பொதுப்பணித் துறை பொறுப்பு. தாமானின் உட்சாலைக்கு நகராண்மைக் கழகம் பொறுப்பு. இந்த விவரம் தெரியாமல் குப்பைக்கு நகராண்மைக் கழகத்தையும், கூட்டரசுச் சாலைக் குழிக்கு நகராண்மைக் கழக மன்ற உறுப்பினரையும் திட்டுகிறோம். அவர்களும் ‘பார்க்கிறோம்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது எங்கள் வேலையல்ல என்று சொன்னால் ஓட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் கட்சிக்கு இருக்கிறதே.

மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை என்பதும் நினைவிருக்க வேண்டும். 1957இல் பினாங்கின் ஜார்ஜ் டவுன் மாநகரத்தின் முதல் மேயராக டி.எஸ். இராமநாதன் வந்தது ஊராட்சித் தேர்தல்கள் இருந்த காலத்தில். 1965இல் அத்தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தும், 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநாட்டியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டு மாற்றக்கூடியவரிடமே தனியாகச் சொன்னது மறந்துபோகிறது என்றால், ஓட்டே கேட்க வராத ஒருவருக்கு எதை நினைவூட்ட முடியும்? அதனால்தான் பொதுவில், தேதியும் இடமும் குறிப்பிட்டு, எந்த இலாகாவின் வேலை என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். வீட்டுக்கும் கடைக்கும் மதிப்பீட்டு வரி கட்டுகிறேன், உரிமக் கட்டணம் கட்டுகிறேன்; கேட்பதற்கு அது போதும்.

சுயதொழில்காரர் வாயைத் திறக்கக் கூடாது என்பதற்கு நீங்கள் சொன்ன காரணமே, அவர் பேச வேண்டும் என்பதற்கும் காரணம். எனக்குத் தொழிற்சங்கம் இல்லை, மேலாளர் இல்லை, மருத்துவ விடுப்பு இல்லை. சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் சுயதொழில்காரருக்காக நடத்தும் பாதுகாப்புத் திட்டம் 2017இல் வாடகைக்கார் ஓட்டுநர்களுக்குத் தொடங்கி, 2020இல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. மாதம் 1,050 ரிங்கிட் வருமான அடிப்படையில் ஆண்டுச் சந்தா 157 ரிங்கிட் 20 சென். எங்கள் கடைவரிசையில் இதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. தோட்டத்தில் இருந்தவரை இவற்றையெல்லாம் கிராணி அலுவலகம் பார்த்துக்கொண்டது. இப்போது நமக்கு நாமே கிராணி.

வாடிக்கையாளர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நோன்புப் பெருநாளுக்குப் பாஜு குரோங் என்னும் மலாய் உடை தைக்க வருகிறவர்களும் தீபாவளிக்கு ரவிக்கை தைக்க வருகிறவர்களும் ஒரே சாலைக்குழியில் இறங்கித்தான் கடைக்கு வருகிறார்கள். குழியைப் பற்றி எழுதியதற்காக அவர்களில் எவரும் கோபித்ததில்லை. கட்சிப் பொறுப்பில் இருக்கும் ஒருவர் மட்டும் தம் வீட்டு ரவிக்கைகளை வேறு கடைக்கு மாற்றிவிட்டார். அவை மூன்று முறை பிரித்துத் தைத்தாலும் குறை சொல்லப்படும் ரவிக்கைகள் என்பதால், நட்டத்தை நான் பெரிதாகக் கணக்கில் வைக்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய, அதன் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் போய் உட்காரலாம். கெமாஸ் எந்த மாவட்ட மன்றத்தின் கீழ் வருகிறதோ, அதன் அடுத்த முழுக்கூட்டம் என்றைக்கு என்று தொலைபேசியில் கேட்டுப் போய்வாருங்கள். உள்ளே விட்டார்களா, உங்கள் தாமானைப் பற்றி யாராவது பேசினார்களா என்று எழுதுங்கள். அதையும் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா