எத்தனை கட்டையில் பாடுவது?

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையின் பாடகர் குழுவில் இருபது ஆண்டுகளாகப் பாடி வருகிறேன். சென்ற ஆண்டு ஆராதனை நடத்த ஓர் இளைஞரை அமர்த்தினார்கள். கீபோர்டு, டிரம்ஸ், நான்கு மைக். அவர் நன்றாகவே பாடுகிறார். சபைதான் வாய் திறப்பதில்லை. மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலையும் நம் ராகங்களில் அமைந்த கீர்த்தனையும் போதும் என்கிறார்கள் பெரியவர்கள். இசைக்கருவிகள்தான் ஆராதனையைக் கெடுக்கின்றனவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கருவிகள்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் விரும்பும் ஆர்கனும் கப்பலேறி வந்ததுதான். அவர்கள் காக்க நினைக்கும் கீர்த்தனைக்கே ஒரு காலத்தில் தடை இருந்தது. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்கள் வழிபாட்டுக்கு ஆகாது என்று 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் ஒதுக்கியபோது, அவர் விடாமல் எழுதி வாதாடினார். (அதே மூச்சில் சாதி வாரியாக அமரும் வழக்கத்துக்காகவும் வாதாடினார், அந்த இடத்தில் என்னால் அவர் பக்கம் நிற்க முடியாது.) பிறகு 1853இல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் அச்சிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் அவருடைய பாடல்கள் இடம்பெற்றன.

கீர்த்தனை நம் சபைகளில் வேரூன்றியதற்கு ராகம் மட்டும் காரணமன்று. எழுத்தறியாதவரும் பாடக்கூடிய வடிவம் அது: முன்னே நிற்பவர் பல்லவியை எடுத்துக்கொடுப்பார், சபை வாங்கிப் பாடும், ஒவ்வொரு சரணம் முடிந்ததும் எல்லோரும் மனப்பாடமான அந்தப் பல்லவிக்குத் திரும்பிவிடலாம். என் சிறுவயதில் எங்கள் உபதேசியார் இடக்கையால் ஆர்மோனியத் துருத்தியை அசைத்தபடி, கண்ணைக் கடைசி வரிசைப் பெண்கள்மேல் வைத்திருப்பார். அவர்கள் குரல் மேலே எட்டாமல் திணறினால், கூச்சமே இல்லாமல் பாட்டை நிறுத்தி, சுருதியை அரைக் கட்டை (சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு) இறக்கி மறுபடி தொடங்குவார். அவர் குரல் ஒன்றும் இனிமையானதன்று. ஆனாலும் சபையை நடத்தத் தெரிந்தவர்.

உங்கள் இளைஞர் ஒலிப்பதிவில் கேட்ட சுருதியிலேயே பாடுகிறார் என்று ஊகிக்கிறேன். கச்சேரியில் ஆண்கள் ஒரு கட்டையிலும் பெண்கள் ஐந்து கட்டையிலும் தனித்தனியே பாடலாம். சபையிலோ இருவரும், பயிற்சியே இல்லாமல், ஒன்றாகப் பாடியாக வேண்டும். தேர்ந்த பாடகருக்குச் சுகமான உச்சம் அவர்களுக்கு எட்டாது. இரண்டு வாரம் முயன்றுவிட்டு மூன்றாம் வாரம் பாடாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கத் தொடங்கிவிடுவார்கள். கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஏட்டிலும், பாடகர் குழுக்களை வளர்க்கச் சொல்லும் இடத்திலேயே, மக்கள் தங்கள் பங்கைத் தாங்களே பாட வழிசெய்ய வேண்டும் என்று சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது.

ஆகவே கமிட்டியில் டிரம்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுக்காதீர்கள். அந்தத் தம்பியிடம் தனியே பேசுங்கள். கீபோர்டில் சுருதியை இறக்க ஒரு பொத்தான் போதும். புதுப்பாட்டு வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். கடைசிச் சரணத்தின்போது வாத்தியங்களை நிறுத்தி, மைக்கையும் அணைத்துவிட்டு, கடைசி வரிசையில் என்ன கேட்கிறது என்று அவரையே கவனிக்கச் சொல்லுங்கள்.