பத்து நாள் இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. தேவையா?

சகோ, அரிசி மூட்டையைத் தூக்கியதில் அப்பாவுக்கு (52 வயது) இடுப்பு பிடித்து பத்து நாளாகிறது, டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார், எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் இதைப் பாருங்கள். கால் பலமிழக்கிறதா, தொடையிடுக்கு மரத்திருக்கிறதா? சிறுநீர், மலம் போவதில் மாற்றமா? காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய்? ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

எதுவும் இல்லையென்றால் முதல் 6 வாரம் ஸ்கேன் வேண்டாம். அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய, தேவையற்ற பரிசோதனைகளைத் தவிர்க்கச் சொல்லும் ‘சூசிங் வைஸ்லி’ இயக்கத்தில் குடும்ப மருத்துவர்கள் அமைப்பே சொன்னது இது. வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களிலும் பாதிப் பேருக்கு மேல் ஸ்கேனில் ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு பிதுங்கியிருப்பது) தெரியும். என் அம்மாவுக்கு வலி மூன்றாம் வாரமே போய்விட்டது. ஆனால் ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்த பயத்தில் ஆறு மாதம் தண்ணீர்க் குடத்தைத் தொடவே இல்லை.

டாக்டரிடம் சண்டை வேண்டாம். “ஸ்கேனில் என்ன வந்தால் வைத்தியம் மாறும் டாக்டர்? இன்னும் சில வாரம் பொறுத்தால் ஆபத்தா?” என்று கேளுங்கள். பரிசோதித்ததில் அவருக்குச் சந்தேகம் ஏதாவது இருந்தால் சொல்வார், அப்படியென்றால் எடுத்துவிடுங்கள். அதுவரை அப்பாவைப் படுக்கையிலேயே வைக்காமல் மெதுவாக நடக்க விடுங்கள்.