புதிய நாடக வகுப்பில் பிள்ளைகள் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்துகொள்ள என்ன விளையாட்டு வைக்கலாம்?

10 முதல் 14 வயது வரை, வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வரும் 20 பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வயதுப் பிள்ளைகளுக்குத்தான் நானும் வார இறுதியில் நாடகம் சொல்லித் தருகிறேன்.

ஒவ்வொருவராக எழுந்து நின்று பெயர், பள்ளி, பொழுதுபோக்கு என்று சொல்ல மட்டும் வைக்காதீர்கள். தன் முறை வரும்வரை பிள்ளை தான் சொல்லப்போவதையே மனத்துக்குள் ஒப்பித்துக்கொண்டிருக்கும். மற்றவர் பெயர் காதில் ஏறாது.

வட்டமாக நிற்க வையுங்கள். ஒருவர் தன் பெயரைச் சொல்லி ஓர் அசைவு செய்யட்டும்: கை வீசலாம், குதிக்கலாம், தலையை மட்டும் ஆட்டினாலும் போதும். உடனே வட்டம் முழுவதும் அந்தப் பெயரை அதே அசைவோடு திரும்பச் சொல்ல வேண்டும். கூச்சப்படும் பிள்ளையிடம் "சத்தமாகச் சொல்" என்று அதட்ட வேண்டாம். வட்டமே அதைச் சத்தமாகச் சொல்லிவிடும். இத்தனை குரல்களில் தன் பெயரைக் கேட்டதும் அந்தப் பிள்ளையின் முதுகு நிமிர்வதைப் பார்ப்பீர்கள். இன்னொருவரைக் கூர்ந்து பார்த்து அவர் உடலைத் தன் உடலில் வாங்கிக்கொள்வதால், நடிப்புப் பாடமும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. முதல் ஆளாக நீங்களே செய்யுங்கள், ஆனால் சிறிய அசைவாக. ஆசிரியர் ஆர்ப்பாட்டமாகத் தொடங்கினால் பிள்ளைகள் மிரள்வார்கள். வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. எப்படி அழைத்தால் பிடிக்குமோ அதைச் சொல்லட்டும்.

அடுத்து துணிப்பந்து. பெயரைக் கூப்பிட்டு, கண்ணைப் பார்த்து, அதன் பிறகே எறிய வேண்டும். இது பழகியதும் இரண்டாவது பந்து, மூன்றாவது பந்து. கீழே விழுந்தால் எடுத்துத் தொடரலாம். யாரும் 'அவுட்' கிடையாது. நாடக விளையாட்டுகளை வகுத்தவர்களில் முன்னோடியான வயோலா ஸ்போலின், சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளோடு பணியாற்றியவர். கவனத்தை ஒரே வேலையில் ஊன்ற வைத்தால் கூச்சம் தானே விலகும் என்பது அவருடைய முறையின் அடிப்படை. பந்து பறக்கும்போது அது கண்முன் நடக்கும்.

போர்வை விளையாட்டை இரண்டாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரியுங்கள். இரண்டு பேர் போர்வையைத் திரையாகப் பிடிக்க, அணிக்கு ஒருவர் அதன் இருபுறமும் உட்கார்வார்கள். திரை விழுந்ததும் எதிரில் இருப்பவர் பெயரை முதலில் சொல்பவருக்கு வெற்றி. முதல் நாளே வைத்தால் பெயர் நினைவுக்கு வராத பிள்ளை எல்லோர் முன்னாலும் விழிக்கும்.

பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும் தின்பண்டத்தைப் பெயரோடு சேர்க்கும் விளையாட்டு பலருக்குப் பிடிக்கும். நான் அதை வைப்பதில்லை. பருமனான ஒரு பிள்ளைக்கு 'பூரி' என்று ஒட்டினால், அதுவே பட்டப்பெயராகி ஆண்டு முழுவதும் துரத்தும்.

எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அடுத்த வாரம் யாராவது புதிதாகச் சேர்ந்தால் நீங்கள் அறிமுகம் செய்யாமல், அசைவு வட்டத்தைப் பிள்ளைகளையே நடத்தச் சொல்லுங்கள்.